இரைகொல்லிப் பறவைகளின் இரத்தம்: அணுக்களையும் ஒட்டுண்ணிகளையும் ஸ்லைடில் படிக்க முழுமையான வழிகாட்டி

டெல்லி, அகமதாபாத் போன்ற நகரங்களில் உள்ள பறவை மீட்பு மையங்களுக்குக் கரும்பருந்துகள் வந்துகொண்டே இருக்கும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்டவை, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகள், பறக்கத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டவை. அப்படி வந்த ஒரு பருந்தின் இரத்தத்தை ஸ்லைடில் இழுத்துப் பார்த்தால், சிவப்பணுக்களுக்குள் ஒட்டுண்ணி தென்படுவது அதிசயமல்ல. தென்பட்ட உடனே "பறவை மலேரியா" என்று எழுதி மருந்தை ஆரம்பித்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பறவை நோயில் கிடப்பதற்கு அந்த ஒட்டுண்ணிதான் காரணமா, அல்லது அது பல காலமாகச் சும்மா குடியிருக்கும் ஒன்றா என்பதை ஒட்டுண்ணியின் தோற்றம் சொல்லாது. சுற்றியிருக்கும் அணுக்கள்தான் சொல்லும். அதனால் முதலில் அணுக்களைப் படியுங்கள், ஒட்டுண்ணியைப் பிறகு தேடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

இது கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும், மீட்பு மையங்களின் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கும் எழுதியது. பருந்து, வல்லூறு, ஆந்தை, கூகை எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அடிபட்ட பறவை கையில் கிடைத்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இரத்தம் எடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. மற்றவர்கள் ஸ்லைடிலிருந்து தொடங்கலாம்.

முதல் படி: எவ்வளவு எடுப்பது, எங்கிருந்து எடுப்பது

உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது. 100 கிராமுக்கு 1 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 கிராம் கரும்பருந்துக்கு மேல்வரம்பு 6 மி.லி. ஆனால் அரை மி.லி. இருந்தாலே ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லியதாக இழுத்த இரத்தப் பூச்சு), பிசிவி (மொத்த இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்), வெள்ளையணு எண்ணிக்கை எல்லாம் முடிந்துவிடும். புள்ளி ஆந்தை போன்ற சிறிய பறவைக்கு மேல்வரம்பே ஏறக்குறைய 1 மி.லி.தான். ஏற்கெனவே இரத்தம் இழந்து, வாய்க்குள் வெளிறிப்போயிருக்கும் பறவைக்கு அந்த வரம்பில் பாதிகூட அதிகம். அப்போது ஸ்மியருக்கு இரண்டு துளி, பிசிவி குழாய்க்கு ஒரு துளி எடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழக்கமாகக் கையாளும் இடங்கள் மூன்று. முழங்கை மூட்டின் உட்புறம், தோலுக்கு அடியிலேயே ஓடும் இறக்கைச் சிரை முதலாவது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஊசியை எடுத்ததும் இரத்தம் கட்டிக்கொள்ளும். பஞ்சை வைத்து ஓரிரு நிமிடம் விடாமல் அழுத்தியே ஆக வேண்டும். இரண்டாவது கழுத்தின் வலப்பக்கச் சிரை. பறவைகளில் இடதைவிட வலது பக்கம் பெரியது. மூன்றாவது காலின் உட்புறம் ஓடும் சிரை. சுற்றியிருக்கும் தசை அழுத்திக்கொள்வதால் அங்கே இரத்தக்கட்டு குறைவு.

பிடிப்பவருக்கு இரண்டு விஷயங்கள். பருந்தின் ஆயுதம் அலகல்ல, நகம். முதலில் கால்கள் இரண்டையும் பிடிக்குள் கொண்டுவாருங்கள், தலையைத் துணியால் மூடுங்கள். அடுத்தது, பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை அழுத்திப் பிடித்தால் பறவை சத்தமில்லாமல் கையிலேயே போய்விடும்.

பிடித்திருக்கும்போதே இறகுகளுக்குள் தட்டையான ஈ ஒன்று பக்கவாட்டில் ஓடி ஒளிகிறதா என்று கவனியுங்கள். ஓடினால் அதைப் பிடித்து ஆல்கஹாலில் போட்டு, பறவையின் எண்ணை எழுதி வையுங்கள். இது ஹிப்போபோசிட் குடும்பத்து ஈ. இரத்தத்தில் பிறகு நீங்கள் பார்க்கப்போவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

இரண்டாம் படி: ஸ்மியர்

ஊசி நுனியில் இருக்கும் புது இரத்தத்திலிருந்தே, உறைதடுப்பான் எதுவும் சேர்க்காமல், அப்போதே ஸ்மியர் இழுக்க வேண்டும். இதை வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் வாழும் ஹீமோபுரோட்டியஸ் என்னும் ஒட்டுண்ணியின் பாலின வடிவங்கள் பறவையின் உடலுக்குள் அமைதியாக இருப்பவை. இரத்தம் வெளியே வந்து குளிர்ந்து, கரியமில வாயுவை இழந்ததும், பூச்சியின் வயிற்றுக்குள் வந்துவிட்டதாக அவை எடுத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் உருண்டையாகி அணுவைவிட்டு வெளியேறும், ஆண் வடிவம் சாட்டை போன்ற இழைகளை வீசும். 1897இல் வில்லியம் மெக்கல்லம் காக்கையின் இரத்தத்தில் இந்த இழைகள் பெண் வடிவத்தோடு சேர்வதை நேரில் பார்த்துத்தான் அது கருவுறுதல் என்று உலகுக்குச் சொன்னார். அவருக்கு அது கண்டுபிடிப்பு, நமக்கு அது தொல்லை. சில மணி நேரம் குழாயில் கிடந்த இரத்தத்தில் புழு போன்ற வடிவங்கள் வெளியே மிதக்கும், புதியவர்கள் அதை வேறு ஏதோ ஒட்டுண்ணி என்று எழுதிவிடுவார்கள்.

சுத்தமான ஸ்லைடின் ஓரத்தில் சிறு துளி வையுங்கள். இன்னொரு ஸ்லைடைச் சுமார் 30 முதல் 45 பாகை சாய்வில் துளியைத் தொடும்படி பின்னால் இழுத்து, இரத்தம் விளிம்பில் பரவியதும் ஒரே சீராக முன்னால் தள்ளுங்கள். அழுத்தம் கூடாது. பறவையின் அணுக்கள் எளிதில் நசுங்கும், நசுங்கியவற்றின் உட்கரு இளஞ்சிவப்புக் கறையாகப் பரவிக் கிடக்கும். குறைந்தது மூன்று ஸ்மியர் இழுங்கள். ஒன்று உடனே பார்க்க, ஒன்று இன்னொருவரின் கண்ணுக்கு, ஒன்று சாயம் பிழைத்துப்போனால் மாற்றுக்கு.

காய வைப்பதில்தான் நம் ஊர் ஈரப்பதம் விளையாடும். மெதுவாகக் காய்ந்த சிவப்பணுக்களில் பளபளக்கும் ஓட்டைகள் விழும். ஸ்லைடை விசிறியடியில் வைத்து, சில நொடிகளில் காயும்படி பாருங்கள். மழைக்காலத்தில் இது ரொம்ப முக்கியம். சூடு காட்ட வேண்டாம். காய்ந்த ஸ்மியரை மேசையில் திறந்தபடி விட்டுப் போகவும் கூடாது. ஈயும் கரப்பானும் எறும்பும் இரத்தத்தைச் சுரண்டித் தின்றுவிடும், திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி மட்டும் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் படி: நிலைநிறுத்தலும் சாயமும்

கலப்பில்லாத மெத்தனாலில் ஒரு நிமிடம். அன்றைக்கே செய்யுங்கள். திறந்து மூடித் திறந்து மூடிப் பழசான மெத்தனால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சியிருக்கும், அணுக்களில் மறுபடியும் அதே ஓட்டைகள். சிறு புட்டிகளில் பிரித்து வைத்து அடிக்கடி மாற்றிக்கொள்வது நல்லது. ஃபார்மலின் ஜாடி இருக்கும் அலமாரியில் ஸ்லைடை வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டாலே சாயம் சரியாகப் பிடிக்காது, எல்லாம் நீலம் பூத்துப்போகும்.

ஒட்டுண்ணிக்கு ஜீம்ஸா சாயமே என் முதல் தேர்வு. பத்து சதவீதக் கரைசல், பிஎச் 7.2 பஃபர் நீரில், ஒரு மணி நேரம். குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள். கலந்த கரைசலை அன்றே கொட்டிவிடுங்கள். விரைவுச் சாயங்கள் பதினைந்து நொடியில் முடிந்துவிடும், அவசரத்துக்கு உதவும். ஆனால் அவற்றில் பேசோஃபில் என்னும் வெள்ளையணுவின் மணிகள் கரைந்து போகும், ஒட்டுண்ணியின் உட்கருவும் தெளிவாக விழாது.

நான்காம் படி: பிசிவி குழாய் சொல்லும் முதல் செய்தி

மைக்ரோஸ்கோப்பில் உட்காரும் முன் நுண்குழாயைச் சுழற்றுங்கள். பறவைகளில் பிசிவி பொதுவாக 35 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கும். 35க்குக் கீழே போனால் இரத்தசோகை. 55க்கு மேலே போனால் பெரும்பாலும் நீரிழப்பு, அப்படியானால் திரவம் ஏற்றிய பிறகு உண்மையான எண் இன்னும் கீழே இறங்கும். இதை மறக்க வேண்டாம். வெயிலில் இரண்டு நாள் கிடந்த பருந்தின் 40 சதவீதம் நிம்மதி தரும் எண்ணல்ல.

பிளாஸ்மாவின் நிறத்தையும் பாருங்கள். உணவிலிருந்து வரும் நிறமிகளால் அது மஞ்சளாக இருப்பது இயல்பு, மஞ்சள் காமாலை என்று எழுதிவிட வேண்டாம். பறவைகளின் பித்தம் பச்சை. சிவப்பணுக்கள் அதிகமாக உடையும்போதும் ஈரல் கெடும்போதும் எச்சத்தின் வெள்ளைப் பகுதி பச்சையாக மாறும். கூண்டில் விரித்த காகிதத்தில் அந்தப் பச்சை இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு அடுக்குக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவே உள்ள வெண்ணிறப் படலத்தை, குழாயை உடைக்காமல், பத்து மடங்கு லென்ஸின் கீழ் வைத்துப் பாருங்கள். டிரிப்பனோசோமா என்னும் ஒட்டுண்ணியும் மைக்ரோஃபைலேரியா என்னும் நுண்புழுக்களும் இருந்தால் அந்த எல்லையில் நெளிவது தெரியும். ஸ்மியரில் ஒன்றுகூடக் கிடைக்காத பறவையில் இங்கே கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: சிவப்பணுக்கள்

மனித இரத்தத்தையே பார்த்துப் பழகியவருக்கு முதல் பார்வை திகைப்பாக இருக்கும். பறவையின் சிவப்பணு முட்டை வடிவம், நடுவே அதே முட்டை வடிவில் உட்கரு. நீளம் ஏறத்தாழ 12 முதல் 14 மைக்ரான், அகலம் அதில் பாதி. மனிதச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், பறவையினுடையது 28 முதல் 45 நாள். அதனால் எப்போதும் புதிய அணுக்கள் வந்துகொண்டே இருக்கும், ஆரோக்கியமான பறவையிலும் 1 முதல் 5 சதவீதம் இளம் அணுக்கள் நீலம் கலந்த நிறத்தில் தெரியும். உட்கரு இருப்பதால் மனித ஆய்வகங்களின் தானியங்கிக் கருவி பறவை இரத்தத்தில் தடுமாறும். உட்கரு உள்ள எதையும் அது வெள்ளையணு என்று எண்ணிவிடும். இந்த வேலைக்குக் கண்தான் கருவி.

இந்த இளம் அணுக்களின் விகிதம்தான் ஸ்மியரின் மதிப்புமிக்க செய்தி என்பது என் எண்ணம். பிசிவி குறைந்து, இளம் அணுக்கள் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டு வேலை செய்கிறது என்று பொருள். இரத்தம் வெளியே போயிருக்கிறது, அல்லது உள்ளே உடைகிறது. காயமிருந்தால் முதலாவது. காயமில்லாமல், எச்சம் பச்சையாக, ஒட்டுண்ணியும் மிகுதியாக இருந்தால் இரண்டாவது. பிசிவி குறைந்தும் இளம் அணுக்களே இல்லையென்றால் கதை வேறு. நாள்பட்ட நோய், பட்டினி, ஈய நஞ்சு இவற்றை நினைக்க வேண்டும். குப்பைமேட்டில் இரை தேடும் பருந்துக்கும், ஈயக்குண்டு பாய்ந்த இரையைத் தின்ற பறவைக்கும் ஈயம் உடலில் சேர வழி இருக்கிறது. இந்தப் பறவையின் ஸ்மியரில் பத்தாயிரத்தில் ஐந்து ஒட்டுண்ணி இருந்தால் அதன்மேல் பழி போடுவது அநியாயம்.

ஆறாம் படி: வெள்ளையணுக்களும் த்ராம்போசைட்டும்

ஸ்மியரின் தடித்த பகுதியையும் வால் நுனியையும் விட்டுவிட்டு, அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஒரே அடுக்காக இருக்கும் பகுதியைத் தேடுங்கள்.

ஹெட்டரோஃபில் நம் நியூட்ரோஃபிலின் இடத்தில் இருப்பது. செங்கல் நிறத்தில், இரு முனையும் கூர்ந்த குச்சி போன்ற மணிகள். உட்கரு இரண்டு மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். ஈயோசினோஃபிலின் மணிகள் உருண்டை, பின்னணி வெளிர்நீலம். இரண்டையும் பிரிப்பது இரைகொல்லிப் பறவைகளில் கட்டாயம், ஏனென்றால் இவற்றில் பல இனங்களில் ஈயோசினோஃபில் இயல்பாகவே அதிகம். அதைப் பார்த்துக் குடற்புழு என்று முடிவு கட்ட முடியாது. சாயம் சரியில்லாத ஸ்லைடில் மணியின் நிறத்தை நம்பாதீர்கள், வடிவத்தை நம்புங்கள்.

லிம்ஃபோசைட்டும் த்ராம்போசைட்டும்தான் எல்லோரையும் குழப்பும் ஜோடி. பறவைக்கு நம்மைப் போல உட்கரு இல்லாத தட்டணு கிடையாது, உட்கருவுள்ள த்ராம்போசைட்தான் இரத்தத்தை உறைய வைக்கிறது. அடர்ந்த சிறிய உட்கரு, சுற்றிலும் நிறமே இல்லாத தெளிந்த சைட்டோபிளாசம், ஒரு முனையில் ஓரிரு சிவப்புப் புள்ளி, பெரும்பாலும் கும்பலாகக் கிடக்கும். லிம்ஃபோசைட்டின் சைட்டோபிளாசம் நீலம், உட்கரு அணுவை அடைத்துக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் சைட்டோபிளாசத்தில் நீலம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மோனோசைட் பெரியது, சாம்பல்நீலச் சைட்டோபிளாசம், அதில் குமிழிகள். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, காசநோய்க் கிருமி போன்ற நாள்பட்ட தொற்றுகளில் இது ஏறும்.

நூறு வெள்ளையணுக்களை எண்ணி வகை பிரியுங்கள். எண்ணிக்கைக்கு இணையாக ஹெட்டரோஃபிலின் தோற்றத்தையும் எழுதுங்கள். சைட்டோபிளாசம் நீலமாகியிருக்கிறதா, மணிகள் கரைந்திருக்கின்றனவா, குமிழிகள் இருக்கின்றனவா? இவை நச்சு மாற்றங்கள். கடுமையான பாக்டீரியா தொற்று, சீழ்பிடித்த காயம் என்று இவை கைகாட்டும். பிடிபட்ட பதற்றத்தில் ஹெட்டரோஃபிலின் எண்ணிக்கை உயரலாம், ஆனால் பதற்றம் மட்டும் நச்சு மாற்றத்தை உண்டாக்காது.

மொத்த எண்ணிக்கைக்கு நாட் ஹெரிக் என்னும் சாயக் கரைசலில் 1க்கு 200 என்று நீர்த்து, நியூபாயர் அறையின் (அணுக்களை எண்ணக் கட்டம் வரைந்த கண்ணாடி) ஒன்பது பெரிய கட்டங்களிலும் உள்ள வெள்ளையணுக்களை எண்ணி, அதில் பத்து சதவீதம் கூட்டி, 200ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை என்று கிடைக்கும். வசதியில்லாத இடத்தில் ஸ்மியரிலிருந்தே மதிப்பிடலாம். 40 மடங்கு லென்ஸில் பத்து புலங்களில் (ஒரு புலம் என்பது லென்ஸில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம்) உள்ள வெள்ளையணுக்களின் சராசரியை 1600ஆல் பெருக்குங்கள். இரத்தசோகை இருந்தால் இந்த எண் கூடுதலாக வரும், பிசிவியை 45ஆல் வகுத்துப் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும். இது மதிப்பீடுதான். ஒரே பறவைக்கு அடுத்தடுத்த வாரங்களில் ஒப்பிட இதுவே போதும்.

ஏழாம் படி: ஒட்டுண்ணியைத் தேடுவது

முதலில் 10, 40 மடங்கு லென்ஸ்களில் ஸ்மியர் முழுவதையும், குறிப்பாக ஓரங்களையும் வாலையும், பத்துப் பதினைந்து நிமிடம் மேயுங்கள். பெரியவை ஓரத்துக்குத் தள்ளப்படும். லியூகோசைட்டோசூன், டிரிப்பனோசோமா, மைக்ரோஃபைலேரியா மூன்றும் இங்கேதான் கிடைக்கும். நேராக எண்ணெய் லென்ஸுக்குப் போகிறவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள். அதன் பிறகு 100 மடங்கு லென்ஸில் குறைந்தது நூறு புலங்கள்.

ஹீமோபுரோட்டியஸ் அடிக்கடி பார்க்கப்போவது. சிவப்பணுவுக்குள், உட்கருவை ஒட்டி நீளவாக்கில் வளர்ந்து, இரு முனைகளிலும் அதைச் சுற்றி வளைந்துகொள்ளும். உட்கரு பெரிதாக இடம் மாறாது. உள்ளே பொன்பழுப்பு மணிகள் தெரியும், ஹீமோகுளோபினைத் தின்று ஒதுக்கிய மலேரியா நிறமி அது. பெண் வடிவம் நல்ல நீலம், சிறிய இறுக்கமான உட்கரு. ஆண் வடிவம் வெளிறியது, உட்கரு பரந்து கிடக்கும், நிறமி முனைகளில் சேர்ந்திருக்கும். இரத்தத்தில் இது பிளவுபட்டுப் பெருகாது, பெருக்கமெல்லாம் உள்ளுறுப்புகளில். பரப்புவது கியூலிகாய்டஸ் என்னும் மிகச் சிறிய கடிபூச்சிகளும், நீங்கள் ஆல்கஹாலில் போட்டு வைத்த அந்தத் தட்டை ஈயின் உறவினர்களும். கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறுகளில் ஹீமோபுரோட்டியஸ் டின்னன்குலி, ஆந்தைகளில் ஹீமோபுரோட்டியஸ் நாக்டுவே, ஹீமோபுரோட்டியஸ் சிர்னியை என்று இனங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

பிளாஸ்மோடியம்தான் பறவை மலேரியாவின் உண்மையான காரணி, கொசு பரப்புவது. 1898இல் கல்கத்தாவில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வழியாக மலேரியா பரவுவதை முழுச் சுற்றாக நிரூபித்தது இந்தப் பறவை ஒட்டுண்ணியை வைத்துத்தான். இதிலும் நிறமி உண்டு, பாலின வடிவங்களும் உண்டு. வேறுபாடு ஒன்றே: இது சிவப்பணுவுக்குள்ளேயே பிளவுபட்டுப் பெருகும். ஒரே அணுவில் பல உட்கருத் துண்டுகள் நிறமியைச் சுற்றிக் கொத்தாக இருப்பதைக் கண்டால் பிளாஸ்மோடியம். ஒரேயொரு கொத்து கிடைத்தாலும் போதும். கிடைக்கவில்லையென்றால் ஹீமோபுரோட்டியஸ் என்று அடித்து எழுதாதீர்கள். தொற்று லேசாக இருக்கும்போது பிளாஸ்மோடியமும் பாலின வடிவங்களை மட்டுமே காட்டலாம். பறவையைச் சுற்றிய தகவல்கள் இங்கே உதவும். வடதுருவப் பகுதியின் ஜைர் ஃபால்கனும் பனி ஆந்தையும் கொசு மலேரியாவோடு பழகாத இனங்கள். அவற்றை வெப்பநாடுகளில் வளர்க்கும்போது பிளாஸ்மோடியம் உயிரையே எடுத்துவிடுகிறது. அத்தகைய பறவையில் ஒரேயொரு கொத்தைக் கண்டாலும் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

லியூகோசைட்டோசூனைப் பார்த்தால் மறக்கவே முடியாது. அது புகுந்த அணு சிவப்பணுவா வெள்ளையணுவா என்றே சொல்ல முடியாத அளவுக்கு உருமாறியிருக்கும். ஒரு வடிவத்தில் உருண்டையாகி, அணுவின் உட்கரு ஓரத்தில் பிறையாக நசுங்கிக் கிடக்கும். இன்னொன்றில் அணுவின் இரு முனைகளும் தறியில் ஓடும் நாடாவைப் போல நீண்டு கூர்ந்திருக்கும். நிறமி மட்டும் இருக்கவே இருக்காது. ஓடும் நீரில் வளரும் கரும் ஈக்கள் இதைப் பரப்புகின்றன. பகலில் வேட்டையாடும் பறவைகளில் லியூகோசைட்டோசூன் டாடி என்று நெடுங்காலமாக அழைக்கப்பட்டது உண்மையில் பல இனங்களின் தொகுப்பு என்று மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆந்தைகளில் இருப்பது லியூகோசைட்டோசூன் டேனிலெவ்ஸ்கியி. உக்ரைனின் கார்கிவ் நகரில் 1880களில் பறவை இரத்தத்தில் இந்த உயிர்களை முதன்முதலாகப் பிரித்தறிந்த வாசிலி டேனிலெவ்ஸ்கியின் பெயர் அதில் நிற்கிறது. டிரிப்பனோசோமா ஏவியம் என்ற இனத்தை 1885இல் விவரித்தவரும் அவரே.

டிரிப்பனோசோமா அணுக்களுக்கு வெளியே, ஓரத்தில் அலையும் படலத்தோடு நீளமாக வளைந்து கிடக்கும். ஸ்மியருக்கு ஒன்றிரண்டு கிடைத்தாலே அதிகம், பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. பேபிசியா உண்ணிகள் வழியாக வருவது. சிவப்பணுவுக்குள் மிகச் சிறிய, நிறமியற்ற வடிவங்கள், சில சமயம் நான்கு சேர்ந்து சிலுவை வடிவில். வளைகுடா நாடுகளில் வேட்டைக்கு வளர்க்கும் ஃபால்கன்களில் பேபிசியா ஷார்ட்டி நோய் உண்டாக்கியிருக்கிறது.

எட்டாம் படி: ஏமாற்றுபவற்றை விலக்குவது

சிவப்பணுவின் மேல் விழுந்த சாயத் துகள் ஒட்டுண்ணி போலவே தெரியும். ஃபோக்கஸைச் சற்று மேலும் கீழும் திருப்புங்கள். துகள் அணுவின் தளத்திலிருந்து விலகி, வேறு உயரத்தில் தெளிவாகும், ஒட்டுண்ணி அணுவோடு சேர்ந்தே தெளியும் மங்கும். ஈரத்தால் விழுந்த ஓட்டைக்குள் நீலமும் இருக்காது, உட்கருவும் இருக்காது, பளபளப்பு மட்டும்தான். சிவப்பணு மேல் ஏறி உட்கார்ந்த த்ராம்போசைட் இன்னொரு ஏமாற்று. ஒட்டுண்ணி என்று எழுத நீலச் சைட்டோபிளாசம், சிவந்த உட்கரு இரண்டையும் கண்டிருக்க வேண்டும். இது என் கண்டிப்பான விதி.

ஒன்பதாம் படி: எண்ணுவது, பொருள் கொள்வது

"சில உண்டு", "நிறைய உண்டு" என்று எழுதுவதால் அடுத்த வாரம் பார்ப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரே அடுக்காக இருக்கும் ஒரு புலத்தில் எத்தனை சிவப்பணு என்று எண்ணுங்கள். 200 இருந்தால் 50 புலங்கள் பார்த்தால் பத்தாயிரம் ஆகிவிடும். அதில் தொற்றுள்ள அணுக்கள் எத்தனை என்று எழுதுங்கள். தொற்று மிகுதியாக இருந்தால் ஆயிரத்துக்கு எண்ணினால் போதும்.

இப்போது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூலில் அறுபட்ட பருந்து, பிசிவி 42, இளம் அணுக்கள் 3 சதவீதம், ஹெட்டரோஃபிலில் நச்சு மாற்றம், பத்தாயிரத்துக்கு 8 ஹீமோபுரோட்டியஸ். இங்கே சிகிச்சை காயத்துக்கு. ஒட்டுண்ணியைக் குறித்து வைத்து, இரண்டு வாரத்தில் மறுபடி ஸ்மியர். இன்னொரு பறவை: காயமில்லாத குஞ்சு, பிசிவி 20, இளம் அணுக்கள் ஏராளம், எச்சம் பச்சை, நூற்றில் பல அணுக்களில் ஒட்டுண்ணி. இங்கே ஒட்டுண்ணிதான் குற்றவாளி, ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது. பட்டினியும் நோயும் கூண்டுப் பதற்றமும் பழைய தொற்றை மீண்டும் கிளப்பிவிடும் என்பதால், முதல் நாள் எண் குறைவாக இருந்த பறவையையும் திரும்பப் பார்ப்பது அவசியம்.

குளோரோகுயினும் பிரைமாகுயினும் சேர்த்துத் தருவது பிளாஸ்மோடியத்துக்கு நெடுநாளாக உள்ள முறை. பேபிசியாவுக்கு இமிடோகார்ப். அளவைப் பறவையின் எடையையும் இனத்தையும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இவை பாதுகாப்பு எல்லை குறுகிய மருந்துகள். ஸ்லைடில் ஒட்டுண்ணி தெரிகிறது என்பதற்காக மட்டும், பசியோடு நீரிழந்து கிடக்கும் பறவைக்கு இவற்றைத் தருவதை நான் ஏற்பதில்லை.

ஸ்மியரால் சொல்ல முடியாதவையும் உண்டு. பாறு கழுகுகளை அழித்த டைக்ளோஃபெனாக் ஸ்லைடில் தெரியாது. அது சிறுநீரகத்தைக் கெடுத்து யூரிக் அமிலத்தை ஏற்றுகிறது, பிளாஸ்மாவைச் சோதித்தால்தான் தெரியும். 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதை இந்தியா தடை செய்தது. கழுத்தைத் தொங்கப் போட்டபடி ஒரு பாறு கழுகு வந்தால், ஸ்மியரோடு பிளாஸ்மாவையும் பிரித்து உறைநிலையில் வையுங்கள்.

பத்தாம் படி: கூண்டில் பரவாமல் தடுப்பது

தொற்றுள்ள பறவை பக்கத்துக் கூண்டுக்குத் தானாகத் தராது, பூச்சிதான் தரும். கொசுவலை கொசுவைத் தடுக்கும். கியூலிகாய்டஸ் அதைவிடச் சிறியது, சாதாரண வலைக் கண்ணுக்குள் நுழைந்துவிடும், அதற்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். சேறும் சாணமும் தேங்கும் இடங்களில் அது வளர்கிறது. குடிநீர்த் தொட்டிகளைத் தினமும் கவிழ்த்துக் கழுவுங்கள். புதிதாக வந்த பறவையின் மேல் தட்டை ஈ இருந்தால் மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் அதை ஒழித்துவிடுங்கள். புறாக்கள் கூரையில் கூடு கட்டியிருக்கும் மையங்களில் இந்த ஈக்கள் ஓயவே ஓயாது.

பதினோராம் படி: பிசிஆருக்கு அனுப்புவதும் பதிவும்

ஒட்டுண்ணியின் இனத்தை உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் பிசிஆர் என்னும் மரபணுச் சோதனை வேண்டும். பறவைச் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் ஒரு துளி இரத்தத்திலேயே வேண்டிய அளவு டிஎன்ஏ கிடைக்கும். வடிதாளில் காயவைத்தோ, கலப்பில்லாத எத்தனாலில் இட்டோ அனுப்பலாம். ஒட்டுண்ணியின் சைட்டோகுரோம் பி மரபணுவில் 479 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியைப் படித்து, 2009இல் தொடங்கிய மால்ஏவி என்னும் திறந்த தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது இன்று உலகெங்கும் உள்ள முறை. ஆனால் ஒரு பறவையில் இரண்டு மூன்று ஒட்டுண்ணிகள் சேர்ந்திருந்தால் பிசிஆர் ஒன்றை மட்டும் காட்டி மற்றதை விழுங்கிவிடலாம். கொசு குத்திவிட்டுப் போன வித்துகள், பறவைக்குள் வளரவே முடியாமல் மடிகிறவை, அவற்றையும் தொற்று என்று சொல்லிவிடலாம். ஸ்மியரும் பிசிஆரும் சேர்ந்தே போக வேண்டும்.

ஸ்லைடின் சொரசொரப்பான வெண்ணிற முனையில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மெத்தனாலில் கரைந்துவிடும். பறவையின் எண், இனம், வயது, கிடைத்த ஊர், தேதி, இரத்தம் எடுத்த நேரம். அறிக்கையில் பிசிவி, இளம் அணுக்களின் விகிதம், வெள்ளையணு வகைகள், ஹெட்டரோஃபிலின் தோற்றம், அதன் பிறகு ஒட்டுண்ணியின் பெயரும் பத்தாயிரத்துக்கு எத்தனை என்பதும். பார்த்த ஸ்லைடில் எண்ணெயைச் சைலீனால் துடைத்து, வெளிச்சம் படாத மரப்பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஒட்டுண்ணி இல்லாத ஸ்லைடுகளையும் தூக்கிப் போடாதீர்கள். எந்த இனத்தில், எந்த ஊரில், எந்த மாதத்தில் தொற்று இல்லை என்பதற்கு அவைதான் சான்று.